தன்னார்வலருக்கு ஒரு நாற்காலி

காமிக்ஸ், அனிமே, அறிவியல் புனைகதை என்று ஏதாவது ஒன்றின் மேல் பைத்தியமாக இருக்கிறவர்கள் ஒன்றுகூடும் கன்வென்ஷன்களுக்குப் பல வருடங்களாகப் போய்க்கொண்டிருக்கிறேன். முதலில் டிக்கெட் வாங்கிப் போனேன். அப்புறம் தன்னார்வலராகப் போக ஆரம்பித்தேன். இப்போது ஒரு சிறிய கன்வென்ஷனில் தன்னார்வலர்களைக் கவனித்துக்கொள்வதே என் பொறுப்பு. நடுவில் வந்த ஒரு கன்வென்ஷன் என்னை உலுக்கிப் போட்டுவிட்டது. இரண்டு நாள் நிகழ்ச்சிதான். அதில் என் மாதச் சம்பளத்தில் பாதி கரைந்தது, வேலையில் சேர்த்து வைத்திருந்த விடுப்பும் போனது, தொண்டை கட்டிப் பல நாள் பேச்சே வரவில்லை. அதையெல்லாம் விட எனக்கு ஆறாதது, என்னை நம்பி வந்த பிள்ளைகளில் பலர் அதோடு கன்வென்ஷன் பக்கமே தலைகாட்டவில்லை என்பது. அதை நடத்தியவர்கள் கெட்டவர்கள் இல்லை. தன்னார்வலர்களை எப்படி நடத்த வேண்டும் என்று அவர்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை, எனக்கும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பொறுப்பு என்னிடம் வந்ததே கடைசி நேரத்தில்தான். ஏற்கெனவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் விலகிவிட்டார். "உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும், நீங்க பார்த்துக்கோங்க" என்று போன் வந்தது. கையில் கிடைத்தது பெயரும் போன் நம்பரும் மட்டும் இருந்த ஒரு எக்செல் பட்டியல். யாருக்கு என்ன வேலை, எத்தனை மணி நேரம், யாரிடம் கேட்க வேண்டும் என்று எதுவும் அதில் இல்லை. கேட்டதற்கு, "காலையில எல்லாரும் வந்ததும் பிரிச்சுக்கலாம்" என்றார்கள். தன்னார்வலர்களுக்கு என்ன தருகிறோம் என்று கேட்டேன். இலவச பேட்ஜ், டி-சர்ட், சாப்பாடு என்றார்கள். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள், பலருக்கு அதுதான் முதல் கன்வென்ஷன். "அக்கா, நடுவுல கொஞ்ச நேரம் பேனல் பார்க்க விடுவாங்களா?" என்பதுதான் அநேகமாக எல்லாரும் கேட்ட கேள்வி. பேனல் என்றால் சிலர் மேடையில் உட்கார்ந்து ஒரு தலைப்பைப் பற்றிப் பேசும் நிகழ்ச்சி. விடுவார்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது, அதையே நானும் சொன்னேன்.

இந்த இடத்திலேயே முதல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருவரைத் தன்னார்வலராக அழைக்கும்போது நான்கு விவரங்களை எழுத்தில் அனுப்பிவிட வேண்டும்: வேலை என்ன, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, அவருக்கு மேலே இருப்பவர் யார், அவருக்கு என்ன கிடைக்கும். நான்கே வரி போதும். அது கையில் இருந்தால், கேட்கிற நேரத்தில் அவர் கூச்சப்படாமல் கேட்பார். இல்லாவிட்டால், காசு வாங்காமல் வந்தவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் வேலை வாங்கலாம் என்ற நினைப்பு நடத்துகிறவர்களுக்குத் தானாகவே வந்துவிடும். முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடான வேர்ல்ட்கான் 1939ல் நியூயார்க்கில் நடந்தபோது வந்தவர்கள் ஏறத்தாழ 200 பேர். இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். ஆனாலும் அன்றிலிருந்து இன்றுவரை அதை நடத்துவது ரசிகர்கள்தான், அதுவும் சம்பளமில்லாமல். ரசிகர் கன்வென்ஷன் என்ற ஏற்பாடே யாரோ ஒருவர் தன் நேரத்தைக் கொடுப்பதால்தான் நிற்கிறது. அந்த நேரத்துக்கு அளவு சொல்லாமல் வாங்குவது முறையில்லை.

சரி, முதல் நாள் காலைக்கு வருகிறேன். இருட்டு விலகுவதற்கு முன்பே எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். வாசலில் யாரும் இல்லை. கதவைத் திறக்கச் சாவி வரவே நேரமாகிவிட்டது. டி-சர்ட் பெட்டியைப் பிரித்தால் எல்லாம் ஒரே அளவு. கொஞ்சம் பருமனான ஒரு பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். பக்கத்தில் இருந்த ஏற்பாட்டாளர், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தன் சட்டையோடே வேலைக்கு நின்றாள். மதியத்துக்குள் இரண்டு தடவை பாதுகாவலர்கள் அவளை நிறுத்தி, "நீங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். பதிவுப் படிவத்திலேயே அளவு கேட்டு வாங்கியிருந்தால் நடந்திருக்காது. எல்லா அளவும் தைக்க முடியாவிட்டால் டி-சர்ட்டே வேண்டாம், கண்ணில் படுகிற நிறத்தில் ஒரு பேட்ஜ் பட்டை எல்லாருக்கும் பொருந்தும்.

பதிவு மேசையில் மூன்று பேரை உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வரைபடம் கொடுத்திருந்தார்கள். மேசை இருந்தது, நாற்காலி இல்லை. விருந்தினர் அறைக்கும் பேனல் அரங்குக்கும் எண்ணி வைத்ததில் தீர்ந்துவிட்டதாம். வரிசை கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. ஸ்கேனர் நெட்வொர்க் கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு பையன் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தான், அவனுடைய டேட்டா மதியத்துக்குள் தீர்ந்தது. யாரும் அவனுக்கு ரீசார்ஜ் செய்து தரவில்லை, அப்படிச் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த மூன்று பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். கழுத்துப் பட்டையின் உலோகக் கொக்கி உரசி உரசி ஒருத்தியின் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. கைக்குட்டையை நடுவில் செருகிக்கொண்டு, வருகிறவர்களிடம் "வெல்கம்" சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு குறையவே இல்லை. எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

அன்று நான் தெரிந்துகொண்ட பெரிய பாடம் மாற்று ஆள் பற்றியது. எந்த இடத்திலும் குறிப்பிட்ட வேலை இல்லாமல், சுற்றிச் சுற்றி வந்து, "நீ போய்ட்டு வா, நான் நிக்கிறேன்" என்று சொல்ல மட்டுமே சிலர் இருக்க வேண்டும். பத்துப் பேருக்கு ஒருவராவது அப்படி இருந்தால்தான் பாத்ரூம் போக முடியும், தண்ணீர் குடிக்க முடியும். ஆள் பற்றாக்குறை என்று சொல்லி இவர்களையும் ஏதாவது ஒரு வாசலில் நிறுத்திவிடுவது வழக்கம். நிறுத்தக் கூடாது. வேலையில் எதையாவது குறைக்கலாம், மாற்று ஆளைக் குறைக்கவே கூடாது. மாதவிடாய் நாளில் மேசையை விட்டு எழுந்திருக்க முடியாமல் ஒரு பெண் அன்று பட்ட அவஸ்தையை அவள் என்னிடம் சொன்னது மறுநாள்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

சாப்பாடு மதியம் வரும் என்றார்கள், வந்தது சாயங்காலம். அதுவும் ஆள் கணக்கைவிடக் குறைவாக. முன்னால் நின்றவர்களுக்குக் கிடைத்தது. தூரத்தில் வாகன நிறுத்தத்தில் நின்றவர்களுக்குச் சேதியே போகவில்லை. நான் வெளியே போய் என் காசில் வாங்கிக்கொண்டு வந்தேன். தண்ணீரும் அப்படித்தான். பில் வாங்கி வைத்துக்கொள்ள அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? கன்வென்ஷன் போகிறவர்கள் நடுவே 5-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு நாளைக்குக் குறைந்தது ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளியல். சிலர் ஆறு மணி நேரத் தூக்கம் என்பார்கள். உற்சாகத்தில் உடம்பை மறந்துவிடும் ரசிகர்களுக்காகச் சொல்லப்பட்டது அது. தன்னார்வலர்களைப் பொறுத்தவரை அதை நடத்துகிறவர்களின் கடமையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். ராத்திரி கடைசியாகக் கிளம்புகிறவரையே மறுநாள் காலை முதல் ஆளாக வரச் சொன்னால் அந்த ஐந்து மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? ஷிஃப்ட் போடும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும்.

இனி, எனக்கு இன்றும் மறக்க முடியாத விஷயம். ஒரு பிரபல ஓவியரின் கையெழுத்து வரிசை. அரங்கம் நிரம்பிவிட்டது, இனி யாரையும் விடாதே என்று வாக்கி-டாக்கியில் உத்தரவு வந்தது. வரிசையை நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு பையன் நின்றான். கல்லூரி முதல் வருடம். நிறுத்தினான். வரிசையில் இருந்த ஒருவர் கத்த ஆரம்பித்தார். டிக்கெட்டை முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டு, "உன்னை மாதிரி ஆளையெல்லாம் யாரு நிக்க வெச்சது?" என்றார். பையன் நகரவில்லை. "சார், உள்ளே இடமில்லை சார், நான் சொல்றதைக் கேளுங்க சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு ஏற்பாட்டாளர் ஒருவர் வந்தார். என்ன நடந்தது என்று பையனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தியவரிடம் மன்னிப்புக் கேட்டு, அவரை உள்ளே அனுப்பி, அத்தனை பேர் முன்னாலும் பையனைப் பார்த்து, "உனக்கு ஆளு கூட ஒழுங்கா ஹேண்டில் பண்ணத் தெரியாதா?" என்றார். நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் அவன் கழுத்திலிருந்து பேட்ஜைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னிடம் கொடுத்துவிட்டு, "பரவாயில்லக்கா, நான் கெளம்புறேன்" என்றான். அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருக்கலாம். அவன் அந்த ஓவியரின் பெரிய ரசிகன் என்றும், கையெழுத்து வாங்க ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தான் என்றும் அவனுடைய நண்பன் அப்புறம் சொன்னான்.

பசியையும் கால்வலியையும் ஒரு மனிதர் மன்னித்துவிடுவார். கொடுத்த உத்தரவை நிறைவேற்றியதற்காகப் பலர் முன்னால் திட்டு வாங்கினால் மன்னிக்க மாட்டார். ஆகவே நடத்துகிறவர்கள் எல்லாரும் முன்கூட்டியே ஒரு உடன்பாட்டுக்கு வர வேண்டும்: தன்னார்வலர் சொன்னதைப் பார்வையாளர் முன்னால் மாற்றுவதில்லை. அவர் சொன்னது தவறாகவே இருந்தாலும், "கொஞ்சம் இருங்க, நான் பேசிட்டு வர்றேன்" என்று அவரைத் தனியே அழைத்துப் பேசி, அவரைக் கொண்டே புது முடிவைச் சொல்ல வைக்கலாம். அதேபோல, யாராவது கத்தினால் அதைத் தாங்கிக்கொள்வது தன்னார்வலரின் வேலை கிடையாது. "இதை என் தலைவர்தான் முடிவு செய்யணும், கூப்பிடுறேன்" என்று ஒரே வாக்கியம் சொல்லிக்கொடுங்கள். கூப்பிட்டவுடன் ஒருவர் வர வேண்டும். வருகிறவர் முதலில் கேட்க வேண்டியது, "உனக்கு ஒண்ணும் ஆகலையே?" அப்புறம்தான் மற்றதெல்லாம். காஸ்ப்ளே உடையில், அதாவது பிடித்த கதாபாத்திரத்தைப் போல வேடமிட்டு, நிற்கும் பெண் தன்னார்வலர்களைத் தொட்டுப் பேசுகிறவர்கள், கேட்காமல் படமெடுக்கிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். பல கன்வென்ஷன்களில் நடத்தை விதிகள் எழுதி ஒட்டியிருப்பார்கள். அந்த விதிகள் பார்வையாளர்களைக் காப்பது போலவே தன்னார்வலர்களையும் காக்கும் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். புகார் சொன்னால் யாரிடம் போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று ராத்திரி மூடும்போது வெகு நேரமாகிவிட்டது. பெண் பிள்ளைகள் எப்படி வீட்டுக்குப் போவார்கள் என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. ஏற்பாட்டாளர்கள் விருந்தினர்களோடு கிளம்பிவிட்டார்கள். ஒவ்வொருத்திக்கும் என் போனிலிருந்து வண்டி போட்டு, வீடு சேர்ந்துவிட்டேன் என்று மெசேஜ் வரும்வரை விழித்திருந்தேன். என் பணம் பெரும்பாலும் கரைந்தது அதில்தான். நிகழ்ச்சி முடிந்து பொதுப் போக்குவரத்து கிடைக்காத நேரமாகிவிட்டால் வண்டிச் செலவு கன்வென்ஷனுடையது. இதை பட்ஜெட்டில் முதல் நாளே எழுத வேண்டும். மேடை அலங்காரத்துக்கு எழுதும் அதே தாளில்தான் எழுத வேண்டும்.

இரண்டாம் நாள் பாதிக்கு மேல் ஆள் வரவில்லை. சிலர் உடம்பு சரியில்லை என்றார்கள், சிலர் போனையே எடுக்கவில்லை. "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே இல்ல" என்று ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர் சொன்னார். முந்தின நாள் அவர்கள் நின்ற நிலையைப் பார்த்தவள் நான். அவர்கள் வராததில் எனக்குக் கொஞ்சமும் ஆச்சரியம் இல்லை. வந்தவர்களை நினைத்துத்தான் ஆச்சரியப்பட்டேன். அவர்களை வாசலில் நிறுத்துவதற்கு முன்னால் வட்டமாக உட்கார வைத்து, "இன்னைக்கு நீங்க கண்டிப்பா பார்க்கணும்னு நினைக்கிற ஒரு நிகழ்ச்சி எது?" என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். ஒரு தாளில் முதலில் அதைக் குறித்துக்கொண்டேன். அப்புறம் மிச்ச நேரத்தில் வேலையைப் பிரித்தேன். ஆள் பாதியாகக் குறைந்திருந்தும் ஒரு வாசலை மூடிவிட்டு, இரண்டு வரிசையை ஒன்றாக்கி ஒப்பேற்ற முடிந்தது. பின்னணிக் குரல் கொடுப்பது பற்றிய பேச்சுக்குப் போய்வந்த ஒருத்தி, திரும்பி வந்து தானாகவே இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்றாள். இன்றுவரை நான் அட்டவணை போடுகிற முறை இதுதான். முதலில் அவர்கள் ஆசைப்படும் நேரத்தை விட்டுவிட்டு, அதற்குப் பிறகே வேலையை நிரப்புவேன். அவர்களும் ரசிகர்கள்தானே, அந்த ஆசைதானே அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தது.

நிறைவு விழா மேடையில் விருந்தினர்கள், விளம்பரதாரர்கள், ஒலி ஒளி அமைத்தவர்கள் எல்லாருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னார்கள். கடைசியில், "அப்புறம் நம்ம வாலண்டியர்ஸ்" என்று ஒரு கைதட்டல் வாங்கித் தந்தார்கள். அந்த நேரத்தில் நாங்கள் பின்பக்கம் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தோம். கைதட்டல் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

அதற்குப் பிறகு காய்ச்சலும் இருமலும். கூட்டத்தில் தூக்கமில்லாமல் இரண்டு நாள் நின்றால் இது பலருக்கும் வரும், ஆங்கிலம் பேசும் ரசிகர்கள் இதற்குக் 'கான் கிரட்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். உடம்பு தேறியதும் செலவுக் கணக்கை எழுதி அனுப்பினேன். "பில் இருந்தால் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. வண்டிக்கான பில் போனில் இருந்தது, அதை அனுப்பினேன். "இதை யார் அனுமதித்தார்கள்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பணம் போனது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண்கள் வீடு சேர்ந்ததைச் செலவுக் கணக்காகக்கூட ஏற்க அவர்களுக்கு மனமில்லை என்பதுதான் நெடுநாள் உறுத்தியது.

அடுத்து ஒரு சிறிய கன்வென்ஷனில் இதே பொறுப்பைத் தந்தபோது உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற இடங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன், அனுபவமுள்ளவர்களைக் கேட்டேன். அப்போதுதான் டோக்கியோவின் காமிகெட் பற்றித் தெரிந்துகொண்டேன். ரசிகர்கள் தாங்களே அச்சிட்ட காமிக்ஸ் புத்தகங்களை விற்கும் சந்தை அது. 1975 டிசம்பர் 21ல் 32 குழுக்களோடும் சுமார் 700 பேரோடும் தொடங்கியது, இன்று லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். அங்கே வாடிக்கையாளர் என்று யாருமே கிடையாது, புத்தகம் விற்பவர், வாங்க வருபவர், வேலை செய்பவர் எல்லாரும் சமமான பங்கேற்பாளர்கள் என்பது அடிப்படைக் கொள்கை. கேட்க வெறும் கொள்கை போல இருக்கும். ஆனால் நீண்ட வரிசைகளில் 'கடைசி இங்கே' என்ற பலகையைக் கடைசியில் நிற்பவரே பிடித்துக்கொள்கிறார், அடுத்தவர் வந்ததும் கைமாற்றிவிடுகிறார். அதற்கென்று ஒரு தன்னார்வலர் வெயிலில் நிற்க வேண்டியதில்லை. இதை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். முதல் மணி நேரத்தில் கொஞ்சம் விளக்க வேண்டியிருந்தது, அப்புறம் பார்வையாளர்களே விளையாட்டாகச் செய்ய ஆரம்பித்தார்கள். வரிசையில் நிற்பவருக்கு ஒரு வேலை கொடுத்தால், வேலை செய்கிறவரை அவர் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது என்பதை அங்கே கண்ணால் பார்த்தேன்.

வேர்ல்ட்கானில் நடத்துகிறவர்களும் உறுப்பினர் கட்டணம் கட்டித்தான் உள்ளே வருகிறார்கள். முடிவில் பணம் மிஞ்சினால், குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் உழைத்தவர்களுக்கு அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தருவது பல வேர்ல்ட்கான்களின் வழக்கம். பிரிட்டிஷ் கன்வென்ஷன்களில் 'குரோட்' என்ற டோக்கன் தருகிறார்கள். உழைத்த நேரத்துக்கு ஏற்ப அது கையில் சேரும். கன்வென்ஷனுக்குள்ளேயே சாப்பிடவோ ஏதாவது வாங்கவோ அதைச் செலவழிக்கலாம். எனக்கு இதில் பிடித்தது, நேரத்தை யாரோ எண்ணுகிறார்கள் என்பதுதான். நாங்களும் எண்ணுகிறோம். வரும்போதும் போகும்போதும் ஒரு நோட்டில் கையெழுத்து. நான்கு மணி நேரம் ஆகிவிட்டால் மாற்று ஆள் போய் எழுப்பிவிடுவார். "பரவாயில்ல, நான் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்" என்று உற்சாகமாகச் சொல்கிறவர்களைத்தான் முதலில் எழுப்ப வேண்டும். முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லாதவர்களும் அவர்களேதான்.

தன்னார்வலர்களுக்கென்று ஒரு அறை ஒதுக்குவதற்காகக் குழுவில் ரொம்ப நேரம் வாதாடினேன். அந்த அறையை ஒரு கடைக்கு வாடகைக்கு விட்டால் பணம் வருமே என்றார்கள், நியாயமான கேள்விதான். முந்தின கன்வென்ஷனில் இரண்டாம் நாள் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை மட்டும் சொன்னேன், அறை கிடைத்தது. பூட்டக்கூடிய அலமாரி, சார்ஜர்கள், தண்ணீர், எப்போது போனாலும் கையில் எடுத்துச் சாப்பிட ஏதாவது, ஒரு மூலையில் படுக்க ஒரு பாய். பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை, ஏற்பாட்டாளர்கள் வரலாம், ஆனால் யாரையும் வேலைக்குக் கூப்பிட வரக் கூடாது. மேசை எத்தனையோ அத்தனை நாற்காலி என்பதையும் அன்றே எழுதி வாங்கிவிட்டேன். அதோடு, விருந்தினராக வந்த எழுத்தாளரை அந்த அறைக்கு வந்து அரை மணி நேரம் உட்கார முடியுமா என்று கேட்டோம். சந்தோஷமாக வந்தார். வரிசையைக் கட்டிக்காத்தவர்களுக்கு வரிசையில் நிற்காமல் கையெழுத்து கிடைத்தது. செலவே இல்லாத விஷயம். கேட்டிருந்தால் அந்தக் கல்லூரிப் பையனுக்கும் கிடைத்திருக்கும்.

நன்றி சொல்வதில் பெயரும் விவரமும் முக்கியம். 'உங்கள் அரிய சேவைக்கு நன்றி' என்று அச்சடித்த சான்றிதழை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. "சனிக்கிழமை ஸ்கேனர் நின்றபோது நீங்கள் பெயர்களைக் கையால் எழுதி வரிசையை நகர்த்தினீர்கள்" என்று இரண்டு வரி எழுதினால் அதைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்புகிறார்கள். இதற்காக ஒவ்வொரு பகுதித் தலைவரிடமும் ஒரு சிறிய நோட்டு கொடுத்து, கண்ணில் பட்டதை உடனே குறித்துக்கொள்ளச் சொல்கிறேன், ஒரு வாரம் கழித்து யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது. நிகழ்ச்சிப் புத்தகத்தில் எல்லாருடைய பெயரும் வர வேண்டும், அவர்கள் எழுதிக்கொடுத்த எழுத்துக்கூட்டலிலேயே வர வேண்டும். நிறைவு விழா நேரத்தில் நாற்காலி மடக்கும் வேலை எதுவும் கிடையாது. விழா முடிந்தபின் எல்லாரும் சேர்ந்து மடக்குகிறோம், தலைவர் உட்பட. அப்புறம், வேலை எப்படி இருந்தது என்று கேட்பதும் மரியாதைதான். முடிந்த சில நாட்களுக்குள் கேட்டு, சொன்னதில் எதை மாற்றினோம் என்று அடுத்த வருடம் அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடம் வந்தவரை மீண்டும் வாசலிலேயே நிறுத்தாமல், ஒரு பகுதியின் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். எங்களுடைய பதிவுப் பகுதியை இப்போது நடத்துவது கழுத்தில் கோடு விழுந்த அந்தப் பெண்தான். எங்கள் கழுத்துப் பட்டைகளில் உலோகக் கொக்கி கிடையாது.

லாபத்துக்கு நடத்தப்படும் கன்வென்ஷன்கள் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. அமெரிக்காவில் 1938ல் வந்த நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின்படி லாப நோக்கமுள்ள தனியார் நிறுவனத்துக்கு ஒருவர் சம்பளமில்லாமல் தன்னார்வலராக வேலை செய்ய முடியாது. ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு, நடத்துகிறவர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. சட்டம் என்ன சொன்னாலும், யாரோ ஒருவருக்கு லாபம் போகிறது என்றால் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிறவருக்கும் கூலி போக வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். தன்னார்வலராகச் சேர நினைக்கிறவர்கள், முதலில் அந்த நிகழ்ச்சியின் பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அங்கே போக வேண்டாம்.

பணத்தைப் பற்றி இன்னொன்று. இப்போதெல்லாம் பொறுப்பை ஏற்கும்போதே கைச்செலவுக்கு ஒரு தொகையை முன்பணமாக வாங்கிக்கொள்கிறேன். சாப்பாடு, தண்ணீர், வண்டி, ரீசார்ஜ், மருந்து, நாப்கின் ஆகியவற்றுக்கு யாரையும் கேட்காமல் செலவழிக்கலாம் என்று மின்னஞ்சலில் அனுமதி வாங்கிவிடுகிறேன். ஒரு உறையில் பணம், அதோடு ஒரு நோட்டு. எடுக்கிறவர் எவ்வளவு, எதற்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், பில் கிடைக்காத சில்லறைச் செலவுக்கு அந்தக் கையெழுத்தே பில். பகுதித் தலைவர் ஒவ்வொருவரிடமும் அப்படி ஒரு உறை இருக்கும், ராத்திரி எண்ணி ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். போன தடவை பணம் மிஞ்சியது. அதில் அடுத்த வருடத்துக்கு எல்லா அளவிலும் டி-சர்ட் சொல்லியிருக்கிறோம்.